லேசர் பட்ட சிலிக்கானும் எக்ஸ்ரே அறையும்: ஆய்வாளர்களை மதிப்பிடும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஆய்வு நிதி ஒதுக்குவோர், பதவி உயர்வு தீர்மானிப்போர், ஆசிரியர் பணிக்கு ஆள் தேர்ந்தெடுப்போர் அனைவருக்கும்,

வணக்கம்.

எக்ஸ்ரே டிடெக்டர்களை அளந்து பார்ப்பது என் தொழில். உங்களைப் போன்ற குழுக்களிடமிருந்து அவ்வப்போது எனக்கும் ஒரு கோப்பு வரும். வெளி மதிப்பீட்டாளராகக் கருத்துச் சொல்லக் கேட்பீர்கள். அப்படி வரும் கோப்புகளில் ஒரு வகையைப் பற்றித்தான் இந்த மடல். அந்த ஆய்வாளரின் முதல் பத்தாண்டு முழுக்க லேசரால் பதப்படுத்திய சிலிக்கான். கட்டுரைகள் எல்லாம் பயன்பாட்டு இயற்பியல் இதழ்களில். அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் ஏறக்குறைய வெற்றிடம். பிறகு பார்த்தால் ஆள் மருத்துவப் படிமவியலில் இருக்கிறார். பத்து இருபது ஆசிரியர்கள் உள்ள கட்டுரைகளில் நடுவில் எங்கோ அவர் பெயர். கோப்போடு வரும் குழுவின் முதற்குறிப்பில் பெரும்பாலும் ஒரே கருத்துதான்: கவனம் சிதறியுள்ளது, எந்தத் துறையிலும் ஊன்றி நிற்கவில்லை.

இந்த முடிவு சில நேரம் சரி. பல நேரம் தவறு. எது சரி எது தவறு என்பதைக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தோ இதழ்களின் பெயரை வைத்தோ சொல்ல முடியாது; உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும். எங்கே போய்ப் படிக்க வேண்டும் என்று காட்டத்தான் இதை எழுதுகிறேன். சலுகை கேட்டு எழுதுவதாக நினைக்க வேண்டாம். நான் சொல்கிற முறையில் படித்தால், இப்போது எளிதாகத் தேறிவிடும் சில கோப்புகள் தேறாமல் போகும்.

முதலில் அந்தச் சிலிக்கான் வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஒரு சிறிய எஃகு அறைக்குள் சிலிக்கான் வேஃபரை, அதாவது மெல்லிய சிலிக்கான் தகட்டை வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயுவை நிரப்புவார்கள். கண்ணாடிச் சாளரம் வழியே 800 நானோமீட்டர் லேசர்த் துடிப்புகள் உள்ளே வந்து விழும். ஒவ்வொரு துடிப்பின் நீளமும் 100 ஃபெம்டோவிநாடி அளவு. ஒரே இடத்தில் சில நூறு துடிப்புகள் விழுந்ததும், முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளத்த பரப்பு கறுக்கத் தொடங்கும். வேஃபரை மெல்ல நகர்த்தினால் கறுப்பு வரிவரியாகப் பரவும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால் நெருக்கமாக நிற்கும் கூம்புகள் தெரியும். சில மைக்ரோமீட்டர் முதல் சில பத்து மைக்ரோமீட்டர் வரை உயரம். வேலை முடிந்தது என்று உடனே அறையைத் திறந்துவிடவும் முடியாது. லேசர் பட்டு உடைந்த வாயுவில் நச்சு ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கும். அவற்றை வெளியேற்றிச் சுத்தப்படுத்திய பிறகுதான் திறக்க வேண்டும். ஒரு மாதிரிக்கு இவ்வளவு பாடு.

1998ல் இதை அறிவித்தது ஹார்வர்டில் எரிக் மசூரின் குழு. கட்டுரையின் முதல் பெயர் ட்சிங்-ஹுவா ஹர் என்ற ஆய்வு மாணவருடையது. சாதாரண சிலிக்கான் தன்மீது விழும் கண்ணுறு ஒளியில் மூன்றில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சுமார் 1100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பை உறிஞ்சாமல் உள்ளே கடத்திவிடும். அதன் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட் என்பதால் அதற்குக் குறைந்த ஆற்றலுள்ள ஃபோட்டானால் அங்கே எதுவும் செய்ய இயலாது. கறுத்த சிலிக்கானோ புற ஊதாவுக்கு அருகிலிருந்து 2.5 மைக்ரோமீட்டர் வரை 90 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சியது. கூம்புகளுக்கிடையே ஒளி மாட்டிக்கொள்வது பாதிக் காரணம். மறுபாதி, அந்த சல்ஃபர் வாயுவிலிருந்து வந்து, உருகி நொடியில் உறைந்த மேல்படலத்தில் சிக்கிக்கொண்ட கந்தகம். சமநிலையில் சிலிக்கான் ஏற்கும் அளவைப் போலப் பல ஆயிரம் மடங்கு, கிட்டத்தட்ட நூறு அணுவுக்கு ஒன்று என்ற கணக்கில், கந்தகம் அங்கே உட்கார்ந்துவிடுகிறது. இயல்பாக நிலைக்காத கலவை அது. லேசர் துடிப்பு முடிந்ததும் ஏற்படும் அதிவேகக் குளிர்வுதான் அதைப் பிடித்து வைக்கிறது.

ஒரு சிறு எச்சரிக்கை. 'கறுப்புச் சிலிக்கான்' என்ற பெயரைப் பார்த்ததும் எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். பிளாஸ்மா அரிப்பால் வருவதற்கும் அதே பெயர்தான். சிப் தொழிலில் ஒரு காலத்தில் அது தொல்லையாகக் கருதப்பட்ட விஷயம். பின்னர் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு அதன்மீது அலுமினா படலம் பூசி ஒளியை உணரும் அருமையான டையோடுகள் செய்தது. அதில் கந்தகமும் இல்லை, லேசரும் இல்லை. இரண்டையும் ஒன்றாக்கி, ஒருவர் செய்ததை இன்னொருவர் முன்பே செய்துவிட்டார் என்று எழுதிய மதிப்பீடு ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. எழுதியவர் தலைப்பைத் தாண்டிப் படிக்கவில்லை என்பது வெளிப்படை.

லேசர் சிலிக்கானில் இன்னொரு கிளையும் உண்டு. மருத்துவப் படிமத்துக்கு நேராகப் பாதை போடுவது உண்மையில் அதுதான். கண்ணாடிமீது 50 நானோமீட்டர் அளவு தடிப்பில் அமார்ஃபஸ் சிலிக்கான், அதாவது படிக ஒழுங்கில்லாத சிலிக்கான் படிய வைத்து, 308 நானோமீட்டர் எக்ஸைமர் லேசரை அதன்மீது அடிப்பார்கள். சில பத்து நானோவிநாடித் துடிப்பு. படலம் உருகி மறுபடி உறைந்து படிகத் துகள்களாகும். அடியிலுள்ள கண்ணாடிக்குச் சூடு ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எலக்ட்ரான்கள் நகரும் வேகம் அதில் நூறு மடங்குக்கும் மேல் கூடும். இன்று கைபேசித் திரைகளில் இருக்கும் பாலிசிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இந்த வழியில் வந்தவைதான்.

இது எக்ஸ்ரே அறைக்குள் எதற்கு? தட்டை எக்ஸ்ரே டிடெக்டரில் பொதுவாக மேலே எக்ஸ்ரே பட்டால் ஒளிவிடும் சீசியம் அயோடைடு ஒளிர்படிகம், கீழே அந்த ஒளியை மின்னூட்டமாக்க ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் அமார்ஃபஸ் சிலிக்கான் டையோடு, அதோடு ஒரு டிரான்சிஸ்டர் சுவிட்ச். பிக்சலில் சேர்ந்த மின்னூட்டம் நீண்ட கம்பிவழி பயணம் செய்து ஓரத்திலுள்ள பெருக்கிக்குப் போக வேண்டும். போகும் வழியில் ஆயிரம் எலக்ட்ரான் என்ற அளவில் மின்னணு இரைச்சல் சேரும். மார்பு எக்ஸ்ரேக்கு இது பொருட்டல்ல, சமிக்ஞை அவ்வளவு பெரிது. ஃபுளோரோஸ்கோப்பியில் நிலைமை வேறு. இதயக் குழாயில் கதீட்டரை நகர்த்திக்கொண்டே மருத்துவர் நேரடிப் படம் பார்க்கிறார்; விநாடிக்குப் பல படங்கள் எடுப்பதால் ஒவ்வொன்றுக்கும் மிகக் கொஞ்சமாகத்தான் கதிர் கொடுக்க முடியும். அங்கே இரைச்சல் படத்தை விழுங்கிவிடும். பிக்சலுக்குள்ளேயே ஒரு பெருக்கியை வைத்துவிட்டால் கம்பியில் சேரும் இரைச்சல் பெரிதாகப் பாதிக்காது. அமார்ஃபஸ் சிலிக்கானில் நல்ல பெருக்கி செய்வது கடினம். லேசரால் படிகமாக்கிய சிலிக்கானில் செய்யலாம்.

ஆக, லேசர்த் துடிப்புக்குக் கீழே சிலிக்கான் எப்படி உறைகிறது என்று பத்தாண்டு பார்த்த ஒருவர் ஃபுளோரோஸ்கோப்பி டிடெக்டருக்குப் போவது துறை மாற்றமே இல்லை. அதே கேள்வியை அது பலன் தரும் இடத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார், அவ்வளவுதான்.

அங்கே போனதும் என்ன நடக்கும் என்பதுதான் உங்கள் கோப்பில் வெற்றிடமாகத் தெரியும் அந்த ஆண்டுகள். எக்ஸைமர் லேசரின் ஒளியை நீண்ட கோடாக்கி, தகட்டின் மேல் ஒன்றன்மேல் ஒன்று கவியும்படி நகர்த்துவார்கள். ஒவ்வொரு துடிப்பின் ஆற்றலும் துல்லியமாக ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரு துடிப்பு சற்று வலுத்தால் அந்தக் கோட்டில் படிகத் துகள்கள் வேறு அளவில் வளரும். டிரான்சிஸ்டர்கள் திறக்கும் மின்னழுத்தம் மாறும். திரைத் தொழிலில் இந்தக் கோடுகளை 'முரா' என்பார்கள். கைபேசித் திரையில் கண் அதை மன்னித்துவிடும் அளவுக்கு அடக்கிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் அது நடக்காது. எந்தப் பொருளும் வைக்காமல் ஒரே சீரான கதிரைப் பாய்ச்சி ஒரு படம் எடுத்து, மானிட்டரில் காண்ட்ராஸ்டை ஏற்றிப் பாருங்கள். வெறும் சாம்பல் நிறம் வர வேண்டிய இடத்தில் மெல்லிய இணைகோடுகள், லேசர் நகர்ந்த திசைக்குக் குறுக்கே, சீரான இடைவெளியில் நிற்கும். கணினியில் அதைக் கழித்துச் சரிக்கட்டலாம். ஆனால் டிடெக்டர் சூடேறும்போது கோடுகளும் நகரும். காலையில் எடுத்த திருத்தப் படம் மதியத்துக்குப் பொருந்தாது. நுரையீரலில் ஒரு மெல்லிய நிழலைத் தேடும் கதிரியக்க நிபுணருக்கு இது எப்படிப்பட்ட உபத்திரவம் என்று அவரைக் கேட்டால் சொல்வார்.

இந்தக் கோடுகளை அடக்க ஒருவர் இரண்டு ஆண்டு செலவிட்டால் அதிலிருந்து எத்தனை கட்டுரை வரும்? ஒன்று வந்தால் அதிகம். பெரும்பகுதி உள்ளக அறிக்கை, ஒரு காப்புரிமை, நிறுவனத்தோடு போட்ட ரகசிய ஒப்பந்தம். அந்த இடைவெளியை உற்பத்தித்திறன் குறைந்த காலம் என்று எழுதுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, டிடெக்டர் வேலையில் மிகக் கடினமான, நோயாளிக்கு மிக அருகில் இருக்கும் பகுதி அதுதான்.

பலனை அளக்க வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. டிடெக்டருக்கென்று ஓர் அளவுகோல் இருக்கிறது, டி.க்யூ.இ. என்பார்கள். உள்ளே வந்த எக்ஸ்ரே ஃபோட்டான்களில் இருந்த தகவலில் எவ்வளவு படத்தில் மிஞ்சியது என்பதன் பின்னம். எப்படி அளப்பது என்பதற்கு 2003லிருந்தே பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) தரம் உண்டு. ஃபுளோரோஸ்கோப்பி அளவுக் கதிரில் ஒரு டிடெக்டரின் டி.க்யூ.இ. 0.35லிருந்து 0.7க்கு உயர்ந்தால், அதே தரமுள்ள படத்துக்கு நோயாளி வாங்கும் கதிர் பாதியாகும். மணிக்கணக்கில் அந்த அறையில் நிற்கும் மருத்துவர், செவிலியர், டெக்னீஷியன்களுக்கும் சிதறல் கதிர் குறையும். கோப்பில் அந்த வளைகோடு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் கதிர் அளவில் எடுத்தது, நுண்விவரங்கள் வரும் பக்கம் எப்படிச் சரிகிறது என்பதையும் பாருங்கள். இதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோளைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் சொல்லாத எத்தனையோ விஷயத்தை அந்த ஒரு கோடு சொல்லும்.

இப்போது மறுபக்கம்.

சிலிக்கான் கட்டுரைகளில் முன்னுரையின் கடைசி வரியில் 'மருத்துவப் படிமத்துக்குப் பயன்படும்' என்று ஒரு சொற்றொடர் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போனால் நோயாளி கிடக்கட்டும், ஒரு பிளாஸ்டிக் மாதிரியுடல்கூட இருக்காது. ஆண்டுக்கணக்கில் இப்படி எழுதியவர் நிதி விண்ணப்பத்தில் தன்னை மருத்துவப் படிமவியலாளர் என்று அழைத்துக்கொள்கிறார், குழுவும் ஏற்றுக்கொள்கிறது. இதைப் பிடிக்க ஒரு கேள்வி போதும். சீசியம் அயோடைடு ஒளிர்படிகம் தாலியம் கலந்திருந்தால் வெளியிடுவது 550 நானோமீட்டர் அருகே, பச்சை கலந்த மஞ்சள். அந்த ஒளியைச் சாதாரண சிலிக்கான் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர் ஆழத்திலேயே உறிஞ்சிவிடும். அப்படியிருக்க, அகச்சிவப்பை உறிஞ்சும் கறுப்புச் சிலிக்கானால் எக்ஸ்ரே டிடெக்டருக்கு என்ன லாபம்? எதிரொளிப்பு குறைகிறது என்று பதில் வந்தால் அது நியாயம். ஆனால் அதை ஒரு மெல்லிய பூச்சும் செய்யுமே என்று அடுத்துக் கேட்க வேண்டும். பதிலே வராவிட்டால் 'மருத்துவம்' என்ற சொல் அங்கே அலங்காரத்துக்கு.

இன்னொன்று, பெரிய எண்கள். லேசர் சிலிக்கான் டையோடுகளைப் பற்றி 2005 வாக்கில் வந்த ஹார்வர்டு கட்டுரைகளிலிருந்தே வியக்கத்தக்க உணர்திறன் எண்கள் உண்டு. 825 கெல்வின் அளவில் சூடாக்கிப் பதப்படுத்திய மாதிரிகளில், அரை வோல்ட் போன்ற சிறு மின்னழுத்தத்திலேயே, வழக்கமான சிலிக்கான் டையோடைப் போலப் பல மடங்கு மின்னோட்டம். 1000 நானோமீட்டரில் ஒரு ஃபோட்டானுக்கு ஓர் எலக்ட்ரான் என்று வைத்தால் வாட்டுக்கு 0.8 ஆம்பியர்தான் வரும். அதைத் தாண்டிப் பல பத்து மடங்கு வந்தால் உள்ளே ஏதோ பெருக்கம் நடக்கிறது என்று பொருள். நல்ல இயற்பியல், மறுக்கவில்லை. ஆனால் பெருக்கம் வரும்போது இரைச்சலும் கூடும், பெரும்பாலும் வேகமும் குறையும். ஒளியே இல்லாதபோது ஓடும் இருட்டு மின்னோட்டம் எவ்வளவு, ஒளியை அணைத்த பின் சமிக்ஞை எவ்வளவு நேரம் இழுத்துக்கொண்டு நிற்கிறது என்பதை எழுதாமல் உணர்திறனை மட்டும் எழுதிய கட்டுரை, படிமக் கருவிக்காரருக்குப் பாதிக் கட்டுரை. நேர்மையான ஆய்வாளரின் பதிவில் இதற்கு அடுத்து ஒரு சுமாரான கட்டுரை இருக்கும்: இரைச்சலை அளந்து, எண் அவ்வளவு பெரிதில்லை என்று ஒப்புக்கொள்ளும் கட்டுரை. மேற்கோள் குறைவாகத்தான் இருக்கும். நான் மதிப்பெண் போட்டால் அதற்குத்தான் கூடுதல்.

சூடாக்கும் விஷயத்திலும் இப்படி ஒரு பரீட்சை உண்டு. லேசர் பட்ட சிலிக்கான் குறைபாடுகள் நிறைந்தது. நல்ல டையோடாக அதைச் சூடாக்கி ஆற்ற வேண்டும். சூடாக்கினால் கந்தகம் இடம் மாறி, பாடுபட்டுப் பெற்ற அகச்சிவப்பு உறிஞ்சல் குறையத் தொடங்கும். ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டிய இந்த இழுபறியில் ஒருவர் எங்கே நின்றார், ஏன் நின்றார் என்று அவர் கட்டுரையில் தேடுங்கள். கந்தகத்தை விட்டு செலீனியம், டெலூரியம், டைட்டேனியம் என்று போனவர்கள் உண்டு. ஒவ்வொரு தேர்வுக்கும் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஆய்வாளரின் தரம் அந்தத் தீர்ப்பில் தெரியும்.

அகச்சிவப்பு உண்மையாகவே பலன் தரும் மருத்துவ இடங்களும் இருப்பதால் இதை வேண்டாம் என்று தள்ளிவிடவும் கூடாது. உடல் திசு ஒளியை ஓரளவு ஊடுருவ விடுவது சுமார் 650 முதல் 950 நானோமீட்டர் வரை; 1000க்கு மேலும் சில இடங்களில் சிதறல் குறைந்து படம் தெளிவாகும். அறுவை அரங்கில் ரத்த ஓட்டத்தையும் நிணநீர்ப் பாதையையும் காட்டப் பயன்படும் இண்டோசயனின் கிரீன் சாயம் 1959லிருந்தே மருத்துவப் புழக்கத்தில் உள்ளது. அது ஒளிர்வது 830 நானோமீட்டர் அருகே, அதன் வால் 1000க்கு அப்பாலும் நீளும். அங்கேதான் சிலிக்கான் கைவிடுகிறது. 850ல் சுமார் 20 மைக்ரோமீட்டரில் உறிஞ்சப்படும் ஒளி, 1064ல் ஒரு மில்லிமீட்டர் வரை போய்விடும். வழக்கமான சிலிக்கான் கேமரா சில்லில் அவ்வளவு தடிப்பு கிடையாது. இண்டியம் கேலியம் ஆர்சனைடு டிடெக்டர் இதைப் பார்க்கும், விலைதான் எட்டாது. ஆகவே ஒருவரின் பதிவு கறுப்புச் சிலிக்கானிலிருந்து அறுவை அரங்கக் கேமராவுக்கோ 1050 நானோமீட்டர் விழித்திரை ஸ்கேனுக்கோ போயிருந்தால் அந்தத் தாவலுக்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. அதே ஆள் நெஞ்சு எக்ஸ்ரேக்குப் போயிருந்தால் காரணம் கேளுங்கள்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005ல் கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் ஹெச்-இண்டெக்ஸைக் கொண்டுவந்தபோதே, துறைக்குத் துறை அது மாறும் என்பதைச் சொல்லித்தான் கொடுத்தார். சாதன இயற்பியலும் மருத்துவமும் மேற்கோளிடும் பழக்கத்தில் வேறு வேறு உலகங்கள். இரண்டிலும் கால் வைத்தவரின் ஹெச்-இண்டெக்ஸை ஒரே துறைக்காரரோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. பிறர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு மறுஆய்வுக் கட்டுரை எழுதினால் ஐந்து மூலக் கட்டுரைகளின் மேற்கோளை அது ஒன்றே தின்றுவிடும். பெயர் வரிசையும் அப்படித்தான். மருத்துவக் கட்டுரையில் முதலில் நிற்பவர் ஆய்வை நடத்திய மருத்துவர், கடைசியில் துறைத் தலைவர். டிடெக்டரைச் செய்தவர் ஒன்பதாவதோ பதினொன்றாவதோ. கருவி இல்லாவிட்டால் கட்டுரையே இல்லை என்பது வரிசையில் தெரியாது. யார் என்ன செய்தார் என்று பதினான்கு வகையாகப் பிரித்துச் சொல்லும் 'கிரெடிட்' முறையைப் பல இதழ்கள் இப்போது பின்பற்றுகின்றன. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தப் பக்கம்வரை புரட்டுங்கள்.

ஆலன் கார்மாக்கை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 1956ல் கேப் டவுனில் குரூட் ஷூர் மருத்துவமனைக்கு இயற்பியலாளர் ஒருவர் சட்டப்படி தேவைப்பட்டபோது, பல்கலைக்கழகத்திலிருந்து வாரத்தில் கொஞ்ச நேரம் அங்கே போய்வந்தவர். அவருடைய தொழில் அணுக்கரு இயற்பியல். உடலுக்குள் எக்ஸ்ரே எங்கெங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வெளியிலிருந்து எடுத்த அளவுகளால் கணக்கிட முடியுமா என்று யோசித்து, 1963லும் 1964லும் இரண்டு கட்டுரை எழுதினார். பயன்பாட்டு இயற்பியல் இதழில். ஏறக்குறைய யாருமே கண்டுகொள்ளவில்லை. கட்டுரைப் பிரதி கேட்டு வந்தவற்றில் சுவாரசியமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு மையத்திலிருந்து வந்தது என்று பின்னாளில் அவரே நோபல் உரையில் சொன்னார். மலைப் பனியின் அடுக்குகளைப் பார்க்க இது உதவுமா என்று அவர்களுக்கு ஓர் ஆசை. அந்தக் கணக்கை ஜோஹன் ராடான் 1917லேயே தீர்த்துவிட்டார் என்பதும் கார்மாக்குக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. இதற்கிடையே இ.எம்.ஐ. நிறுவனத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு தனியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்துக் காட்டினார். 1979ல் மருத்துவ நோபல் இருவருக்கும். கார்மாக்கிடம் முனைவர் பட்டம் கிடையாது. ஹவுன்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகத்துக்கே போனவர் அல்லர். 1970ல் கார்மாக்கின் கோப்பு உங்கள் மேசைக்கு வந்திருந்தால், அந்த இரண்டு கட்டுரைகளை எந்தப் பத்தியில் வைத்திருப்பீர்கள்? 'இதர ஆர்வங்கள்' என்றுதான் எழுதியிருப்பீர்கள்.

மேற்கோள் இல்லாததெல்லாம் மேதைமை என்று இதற்குப் பொருள் சொல்ல வேண்டாம். மேற்கோள் இல்லாதவற்றில் பெரும்பகுதி சாதாரண வேலைதான். கார்மாக்கின் கட்டுரையில் கணக்கு இருந்தது, அலுமினியத்தையும் மரத்தையும் வைத்துச் செய்த சோதனை இருந்தது, முடிவு கணக்கோடு ஒத்துப்போனது. படித்த ஒருவருக்கு அது தெரிந்திருக்கும்.

உங்களில் பலர் ஆய்வு மதிப்பீடு குறித்த சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனத்தில் கையெழுத்திட்ட நிறுவனங்களிலிருந்து வருகிறீர்கள். இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று அதில் இருக்கிறது. 2015ன் லைடன் அறிக்கையும் அதையொட்டியே பேசியது. ஆனால் விண்ணப்பப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் ஹெச்-இண்டெக்ஸுக்கு ஒரு கட்டம் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லிவிட்டு அதைப் பார்க்கவே மாட்டோம் என்றால் யார் நம்புவது? எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பதில் ஆய்வாளர் தாமே தேர்ந்தெடுத்த நான்கைந்து வேலைகளைக் கேளுங்கள். கட்டுரையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம், காப்புரிமையோ திருத்த மென்பொருளோ மருத்துவமனையில் ஓடும் கருவியோகூட இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் தாம் என்ன செய்தார், எது சரிவரவில்லை என்று அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். சரிவராததை எழுதச் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: வேலையை உண்மையாகச் செய்தவருக்கு அது எளிது, பெயரை மட்டும் கொடுத்தவருக்கு வராது. இரு துறைக் கோப்பு என்றால் இரு துறையிலிருந்தும் ஒவ்வொருவரைக் குழுவில் உட்கார வையுங்கள். லேசர்க்காரர் ஒருவர், மருத்துவமனையில் டிடெக்டரோடு தினமும் மல்லுக்கட்டும் மருத்துவ இயற்பியலாளர் ஒருவர். இரண்டாமவரைக் கூப்பிடும் வழக்கம் உங்களிடம் அநேகமாக இல்லை. அவர் பேராசிரியர் அல்லர் என்பதால் கூச்சப்பட வேண்டாம். அந்தக் கோடுகள் விழுந்த சாம்பல் படத்தை ஒரு பார்வை பார்த்தே அவர் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். நேர்காணலில் ஆய்வாளரிடம் அழகான படங்களைக் கேட்காதீர்கள். திருத்தம் செய்யாத இருட்டுப் படத்தையும் சீர்கதிர்ப் படத்தையும் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒருவரை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். 'கவனம் சிதறியுள்ளது' என்பது காரணம் ஆகாது. அவருடைய எந்தக் கட்டுரைகளைக் குழுவில் யாராவது முழுதாகப் படித்தார்கள், எந்தப் படம், எந்த அட்டவணை உங்களுக்குத் திருப்தி தரவில்லை என்று குறிப்பிடுங்கள். அடுத்த சுற்றில் அவர் அதைத் திருத்திக்கொண்டு வரலாம், அல்லது நீங்கள் தவறாகப் படித்தீர்கள் என்று எதிர்வாதம் வைக்கலாம். அந்த வாதத்துக்கு ஒரு மாத அவகாசமும் உங்கள் விதிமுறையில் ஒரு வரியும் ஒதுக்குங்கள். வெளி மதிப்பீட்டாளராக நான் எழுதும் கருத்துக்கும் இது பொருந்தும்; என் அறிக்கையைப் பெயரோடு அவரிடம் காட்ட எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
எக்ஸ்ரே டிடெக்டர் ஆய்வகத்திலிருந்து, உங்கள் கோப்புகளைப் படிப்பவர்களில் ஒருவர்